பொங்கும் முன் தணிப்பது

செப். 8, திங்கள்

காலையிலேயே புழுக்கம். ஸ்கூட்டர் பஞ்சர். பஞ்சு, கையுறை வாங்க வேண்டும்.

ஏழுமலை வீடு. பட்டுத் தறிக்காரர், முதுகெலும்பில் புற்று. தெருமுனையிலேயே அலறல் கேட்டது. உள்ளே போனால் போன வாரம் நான் கொடுத்த மார்ஃபின் வலி மாத்திரை அட்டையில் பாதிக்கு மேல் அப்படியே. எனக்கு வந்ததே கோபம்!

மனைவி பரிமளா மென்று விழுங்கினாள். "தாங்க முடியாம கத்தினா மட்டும் குடுக்கறேன் சிஸ்டர். போதை மாத்திரைன்றாங்களே. வலி தணிப்புன்னு எழுதிட்டா டாக்டர் கைவிட்டுட்டாருன்னு தானே அர்த்தம்?"

இல்லவே இல்லை, நோய் போகாது, வலியைத் தணிக்கலாம் என்றேன். தலையாட்டினாள். நம்பவில்லை.

செப். 9, செவ்வாய்

மழை வருகிற மாதிரி வந்து ஏமாற்றியது. மதியச் சாப்பாடு இல்லை.

மறுபடியும் அங்கேதான். பரிமளா பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். நுரை எழும்பியதும் பேச்சோடு பேச்சாக அடுப்பைக் குறைத்தாள். அதையே பிடித்துக்கொண்டேன்.

"ஏம்மா இப்பவே தணிச்ச?"

"பொங்கிடும் இல்ல?"

"பொங்கி வழிஞ்சப்புறம் தணிச்சா?"

"பாலும் போச்சு, அடுப்பும் நாசம்."

"அவருக்கும் அதேதான். வலி பொங்கறதுக்கு முன்னாடியே மாத்திரை, நேரத்துக்கு. கத்தட்டும்னு பாத்துகினு இருக்காத."

அடுப்பை அணைத்தாள். பிறகு அழுகை. "அப்ப இத்தினி நாளா நான்தான் அவர கத்த வுட்டேனா?"

திட்டப் போனவள், கட்டிப்பிடித்துக்கொண்டேன். இரண்டு பேருமாகக் கடிகாரம் பார்த்து மாத்திரை கொடுத்தோம்.

செப். 11, வியாழன்

வெயில். துணி காய்ந்தது.

பரிமளா போன். "சிஸ்டர், என்னைத் திட்டினாரு! ரசத்துல உப்பு இல்லியாம்!" சிரித்துச் சிரித்து மூச்சு வாங்கியது. ராத்திரி முழுக்கத் தூங்கினாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எழுதியாவது வைக்கிறேன்.

செப். 13, சனி

சேத்துப்பட்டிலிருந்து ஏழுமலையின் அண்ணன். நான் நுழையும்போது மாத்திரை அட்டை அவர் கையில், ஒரே சத்தம். "இத்த குடுத்து என் தம்பிய சாவடிக்கிறியா?"

நான் வாயைத் திறப்பதற்குள் பரிமளா. "நோவு போவாதுன்னு எனக்குத் தெரியும் மாமா. இன்னிக்கு ராத்திரி மாத்திரை வாணாம். நீங்க அவர் பக்கத்துல படுங்க. காலைல நீங்க சொல்றத கேட்டுக்கறேன்."

என் பரிமளா!

அண்ணன் தம்பியைப் பார்த்தார்.

கட்டிலிலிருந்து ஏழுமலை: "அண்ணா, அட்டைய அவகிட்ட குடுத்துடு. டைம் ஆவுது."

கொடுத்துவிட்டார்.