சாம்பல் நீரில் முக்கியெடுத்த கைகள்

பத்து பெரண்டாம் என்கிற ஊரில் உள்ள மின்னணுத் தொழிற்சாலையில் சேர்ந்திருக்கும் என் மகள், நேற்றுத் தன் வெள்ளைக் கையுறைகளைத் துவைத்துக் கொடியில் போட்டிருந்தாள். பக்கத்தில் போனேன், சவக்கார வாசம். உடனே நீ நினைவில் வந்துவிட்டாய், நண்பா. செத்து இரண்டு வருடம் ஆகியும் கூப்பிடாமல் வருகிற பழக்கம் உனக்குப் போகவில்லை.

"கை கெட்டுப் போகக்கூடாதுன்னு கம்பெனியே குடுக்குதுப்பா" என்றாள். சிரித்துவிட்டேன். என் கையைக் கெடுத்ததே உன் சவக்காரத் தொழிற்சாலைதானே!

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில், சீமைக் கப்பல் வருவது நின்ற பிறகுதான் நம் நாட்டின் லட்சணம் தெரிந்தது. கண்ணுக்கெட்டிய வரை ரப்பர் மரம். ஆனால் பென்சில் அழிக்கிற ரப்பர்கூடச் சீமையிலிருந்துதான் வரவேண்டும். தோப்புத் தோப்பாகத் தேங்காய். குளிக்கச் சவக்காரம் இல்லை. ஊரே சொறி பிடித்து அலைந்தபோது, காஜா பேராங்கில் உன் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டாய். உங்கள் கம்போங் செட்டிக் குடியிருப்பின் அடுப்புச் சாம்பலையெல்லாம் வாரிவந்து ஊறவைத்து, வடித்த காரநீரைச் சுண்டக் காய்ச்சித் தேங்காய் எண்ணெயில் கிண்டினாய். முன்னோர் படையலுக்குச் சமைத்த அடுப்பின் சாம்பலை மட்டும் தொடமாட்டாய். முதலில் களியாக நின்றது. உப்புப் போட்டு மறுபடி கிண்டியதும் இறுகியது. அந்த முதல் கட்டியை ஏந்திக்கொண்டு நான் இருந்த ஜாலான் பெண்டஹாரா தெருவுக்கு ஓடிவந்தாயே, பிள்ளை பெற்றவன் மாதிரி!

நான் அப்போது துணிக்கடை வேலை போய்ச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பவர்களைச் சயாமில் ரயில் பாதை போட லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். போனவர்கள் திரும்பவில்லை. தொழில் செய்பவர்களை விட்டுவைத்தார்கள் என்பதால், கொப்பரையில் சவக்காரம் கிண்டுகிறவன் என்று என் பெயரை அவர்களிடம் எழுதிக்கொடுத்தாய். நான் செய்ததோ, கட்டிகளை நூலால் அறுத்து வாழையிலையில் சுற்றுவதுதான்.

ஒரு நாள் கட்டி அறுத்துக்கொண்டிருந்த என்னிடம், "தாங்ஙான் லு காசி சினி" என்றாய். கையைக் கொடு என்றால் கொடுக்காமல் இருப்பேனா? மணிக்கட்டைப் பிடித்து இரண்டு கையையும் காரநீரில் முக்கிவிட்டாய்.

"அடப்பாவி! கைய வேக வச்சிட்டியேடா!" என்று தமிழில் கத்தினேன். தமிழ் வழி வந்தும் மலாயே பேசுகிற உங்கள் செட்டி மக்களின் பேச்சில் தங்கிப்போன தமிழ்ச் சொற்களில் வசவு கிடையாது, பிழைத்தாய். பக்கத்தில் புளித்தண்ணீர் தயாராக வைத்திருந்தாய். கழுவிவிட்டபடியே, "தஹான், தஹான்" என்றாய், பொறுத்துக்கொள் என்று. உன் கண் கலங்கியிருந்தது. பார்த்தும் உன்னை எட்டி உதைத்தேன். அதன்பின் மூன்று நாள் கொட்டகைக்கு வந்தேனே தவிர, உன்னோடு பேசவில்லை.

நாலாம் நாள் ஜப்பானிய அதிகாரி வந்தார். பெயர்த் தாளை அவர் பிரிக்கவே இல்லை. எல்லோரையும் வரிசையாக நிறுத்தி உள்ளங்கையைத் திருப்பச் சொன்னார். தோல் உரிந்து வெந்துகிடந்த என் கையைப் பார்த்து முகம் சுளித்தார். அடுத்த ஆளிடம் போய்விட்டார்.

அவர் போன பிறகுதான் வாயைத் திறந்தாய். முந்தின வாரம் கயிறு திரிக்கும் கொட்டகையில், கை மெத்தென்று இருந்த மூன்று பேரை, வேலை செய்கிற கை இல்லை என்று லாரியில் ஏற்றிவிட்டார்களாம். முன்பே சொல்லக்கூடாதா என்று உன் பேச்சிலேயே கேட்டேன். "காலாவ் சாக்காப், லு காசி கா?" என்றாய். சொல்லியிருந்தால் கையைக் கொடுத்திருப்பாயா? எங்கே கொடுத்திருப்பேன்! ஓடியிருப்பேன், ஒரு மைல் போவதற்குள் பிடிபட்டிருப்பேன்.

சண்டை முடிந்தது. கப்பலில் வாசனைச் சவக்காரம் வந்தது. கொஞ்ச நாளில் உன் கொட்டகை படுத்துவிட்டது. நம்மாலும் செய்ய முடியும் என்று காட்டினோமே, அதற்குள் மறந்துவிட்டார்களே என்று புலம்பினாய். நானும் அந்தச் சீமைச் சரக்கை வாங்கியவன்தான், உன்னிடம் சொன்னதில்லை. இப்போது ஊரைச் சுற்றித் தொழிற்சாலைகள். தான் ஒட்டுகிற துண்டு எந்தச் சாமானுக்குள் போகிறது என்று மகளுக்குத் தெரியவில்லை. நீ இருந்தால் அவளை உட்காரவைத்துக் கேள்வி கேட்டுக் குடைந்திருப்பாய்.

சிரித்த என்னை அவள் விடவில்லை. உள்ளங்கையைப் பிரித்து, "இதென்னப்பா வெள்ளை வெள்ளையாத் தழும்பு?" என்றாள். முழுக்கதையும் சொன்னேன். "அவருக்கு நன்றி சொன்னீங்களா?" என்று கேட்டாள். உதைத்ததற்கு மன்னிப்பே கேட்கவில்லை, நன்றிக்கு எங்கே போவது?

இந்தக் கடிதமும் உனக்குப் படிக்கத் தெரியாத தமிழில்தான் இருக்கிறது. என் கைகள் இன்னும் இருக்கின்றன என்பதை மட்டும் உன் பேச்சிலேயே சொல்லிவிடுகிறேன்: தாங்ஙான் குவா மாசே அடா.