கியர் ஓட்டையும் என் காதும்

ஆடி மூன்றாம் வெள்ளி, இரவு.

பேரன் பாபு காரில் இருந்த நல்ல கியர் குச்சியைக் கழற்றிவிட்டு, பந்தயக் கார் மாதிரி குட்டையாக ஒன்றை வாங்கி மாட்டினான். அன்றிலிருந்து வண்டிக்குள் ஒரே இரைச்சல். சொன்னால், "சத்தம் வண்டில இல்ல ஆயா, உன் காதுல" என்கிறான். மருமகள் சிரித்தாள். தெருவெல்லாம் என்னைச் செவிடி என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். மறப்பேனா?

இன்று வேலூருக்கு இழுத்துப் போய்க் காது டாக்டரிடம் காட்டினார்கள். காதில் ஒரு குறையும் இல்லையாம். அதற்குப் பிறகுதான் நம்ம பாபு துரைக்கும் சத்தம் கேட்டது. வண்டியில் கிடந்த ஷூ கம்பெனித் தோல் துண்டுகளைக் கியரைச் சுற்றித் திணித்தான். இரைச்சல் அப்படியே இருந்தது. ஆம்பூரில் வீடு வந்து சேரும்வரை நாற்றம் குடலைப் பிடுங்கியது. சீ!

குச்சியை மாற்றிய அன்று, அதன் அடி ஓட்டையை மூடி இரைச்சலைத் தடுத்திருந்த ரப்பர் குல்லாவைக் குப்பையில் எறிந்தவனே அவன்தான். அன்றே பொறுக்கி எடுத்தேன்; அது இப்போது என் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

சாப்பிடும்போது கேட்டான். "ஆயா, கியருக்கு அடியில இருந்த ரப்பரு, எங்கனா பாத்தியா?"

"இன்னாடா சொல்ற? காது கேக்கல" என்றேன்.