கரிசலில் போன கம்பு

மார்கழி, வெள்ளிக்கிழமை.

மல்லாங்கிணற்றில் செல்லையா அண்ணாச்சியின் கம்பங்காட்டுக்குப் போனேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தின் சோதனைக்காக நான் கொடுத்த புது ரகம் ஆளுயரம் நின்றது; பழைய ரகம் இடுப்பளவுதான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

“நீங்க நம்பிக் குடுத்த வெதையாச்சே தாயி! கரிசல் அம்புட்டையும் அதுக்கே விட்டேன். பழசச் சரளைப் பக்கம் தள்ளிட்டேன்” என்றார்.

எல்லா மண்ணிலும் இரண்டையும் பாத்தி பாத்தியாக மாற்றி மாற்றி விதைக்கச் சொல்லியிருந்தேன். ஏன் என்று சொல்லவில்லை. வளர்த்தது விதையா, மண்ணா என்று இனி யார் சொல்ல முடியும்? இந்த வெள்ளாமையின் சோதனையே வீண். அதைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

“அப்ப நாந்தான் கெடுத்துட்டேனா?”

“இல்ல அண்ணாச்சி, நான் வெவரமாச் சொல்லலை.”

அவர் அதை ஏற்கவில்லை. ஆனாலும் என் பஸ் வரும்வரை கூடவே நின்றார்.