ஐயாயிரம் பேர் பார்த்த கபடி

வியாழன், இரவு. அல் ஐன்.

இந்தச் செல்வராசு நாளை என் ரூமுக்கு வரட்டும், கதவைத் திறக்க மாட்டேன். கபடிச் சங்கச் செயலாளர் என்றால் கொம்பா முளைத்திருக்கிறது?

சுற்றுலா விழாக்களுக்கு அரசு தரும் உதவியை எங்கள் கபடிப் போட்டிக்கும் கேட்கப் போனோம். அரபி அதிகாரி காவா காப்பி கொடுத்து உபசரித்தார். போன வருடம் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கேட்டார். செல்வராசு எண்பது என்று முனகினான். எண்பதுக்கு எவன் உதவி தருவான்? நான் இந்தியில் கம்பீரமாக, "ஐயாயிரம், சாப்! வெள்ளைக்காரனே ஆயிரம்!" என்றேன். அதிகாரி அசந்துபோய் எழுந்தே நின்றுவிட்டார். பிறகு, அவ்வளவு கூட்டத்துக்கு அனுமதி வாங்கினீர்களா என்றார். எங்கள் லேபர் கேம்ப்புக்குப் பின்னால் மணலில் ஆடுவதற்கு என்ன அனுமதி? இல்லை என்றதும், விசாரித்து முடிக்கும்வரை போட்டியே கலாஸ், நடத்தக் கூடாது என்றுவிட்டார்.

வெளியே வந்ததும் செல்வராசு கத்துகிறான்: "உம்ம வாய்க்கு ஒரு கேட் போடும், அண்ணாச்சி! வந்த எண்பதுல பாதிப் பேரு பிரியாணிக்கு வந்தவன்!"

பயல்கள் வருடம் முழுக்கக் காத்திருக்கும் ஒரே ஆட்டம் அது. இன்று மெஸ்ஸில் ஒருவனும் என் பக்கத்தில் உட்காரவில்லை.

உட்காராவிட்டால் போகட்டும். அந்த அதிகாரி எனக்காக எழுந்து நின்றார். செல்வராசுக்கு எவன் நிற்பான்?