முதலாளியின் பிஸ்டலைத் துடைத்த வாரம்

12.3.79, திங்கள்

காலையிலேயே வெயில். ஜீப்புக்குத் தண்ணீர் ஊற்றி, டயர் பார்த்து, முதலாளியோடு மலை ஏறினேன். மேலே உள்ள புளிய மரங்களை இந்த வருடம் குத்தகை எடுத்திருக்கிறார். வெள்ளையன் வீட்டைச் சுற்றி நிற்கும் பதினோரு மரமும் அதில் சேர்த்தி என்கிறார். அது தன் பாட்டன் வைத்தது, குத்தகையில் வராது என்கிறான் வெள்ளையன். ஊரே அவன் பக்கம்.

முதலாளி இடுப்பிலிருந்து பிஸ்டலை எடுத்து வானத்தைப் பார்த்துச் சுட்டார். எல்லோரும் குனிந்தார்கள். இரண்டாவது சுடவில்லை. காலித் தோட்டா வெளியே விழாமல் மேலே குறுக்கே சிக்கிக்கொண்டது. உதறினார், இழுத்தார், கல்லில் தட்டினார். (தட்டவே கூடாது. ஆபத்து.) வெள்ளையன் பெண்சாதி பொன்னி சிரித்துவிட்டாள். பிறகு எல்லோரும்.

என்னை அறைந்தார். அத்தனை பேர் முன்னால். மிலிட்டரியில் பதினைந்து வருடம் துப்பாக்கி துடைத்தவன் என்றுதான் எனக்கு டிரைவர் வேலையே கொடுத்தாராம். பிஸ்டலை ஒரு நாளும் என் கையில் கொடுத்ததில்லை. அதைச் சொல்லவில்லை. அறை சொத்தைப் பல் பக்கம். கிராம்பு வைத்திருக்கிறேன்.

நான் அறை வாங்கியபோதும் சிரித்தாள் அவள்.

13.3.79, செவ்வாய்

ஒடுகத்தூர். முதலாளியின் புளி மண்டிக்குப் பின்னால் என் அறை. பிஸ்டல் இப்போது என்னிடம். சின்னது, உள்ளங்கையில் அடங்கும். தோட்டா அடைக்கும் மேகசினைக் கழற்றி, மேல்பகுதியை இழுத்து, சுண்டுவிரல் விட்டுப் பார்த்தேன். காலி. மறுபடியும் பார்த்தேன். பழக்கம்.

பிரித்துப் பழைய வேட்டியில் பரப்பினேன். கண்டது:

— தேங்காய் எண்ணெய். அவரே ஊற்றியிருக்கிறார். மார்கழிக் குளிரில் உறைந்து, தூசி சேர்ந்து மெழுகாகிவிட்டது.
— காலித் தோட்டாவைப் பிடித்து இழுக்கும் கொக்கிக்கு அடியில் கரி, பித்தளைத் தூள். சிக்கியதற்கு இதுவே காரணம்.
— மேகசின் ஸ்பிரிங் தளர்ச்சி. வருடக்கணக்கில் நிரப்பியே வைத்தால் வேறென்ன ஆகும்?
— இடுப்பு வேர்வைத் துரு.
— தோட்டாவில் பாதி பச்சை பூத்தது. தூக்கிப் போட வேண்டும்.

மண்ணெண்ணெயில் ஊறல். பழைய பல் பிரஷ். கொக்கி அடியை மூங்கில் ஈர்க்கால் சுரண்டினேன். இரும்பு ஊசி கீறிவிடும். குழாய்க்குள் பனியன் துணி, வெள்ளையாக வெளியே வரும்வரை. பத்தொன்பது துண்டு. தையல் மிஷின் எண்ணெய், உரசும் இடத்தில் மட்டும் ஒரு சொட்டு, மீதியைத் துடைத்தாயிற்று. அதிகம் விட்டால் அதுவே தூசியைப் பிடித்து வைக்கும். பிஸ்டல் பெட்டியில் கை படாத இன்னொரு மேகசின் இருந்தது. அதைப் போட்டேன். வெறுமனே இழுத்து விட்டேன், ஐம்பது முறை. வழுக்கிக்கொண்டு போய் வருகிறது.

வெகு நாளைக்குப் பிறகு சந்தோஷம். பல் வலிகூடத் தெரியவில்லை.

14.3.79, புதன்

வானம் மந்தாரம். பத்து மணிக்கு வெள்ளையன் வந்தான். மலையிலிருந்து நடந்தே. கையில் சாமை, துணியில் முடிந்து. வாசலிலேயே நின்றான்.

“ணா, அத்த அப்டியே வுட்டுடுணா. அன்னிக்கி சிக்கிச்சே, அப்டியே கெடக்கட்டும்.”

“ஒம் பொண்டாட்டி இன்னும் சிரிக்கிறாளா?” என்று கேட்டேன்.

தரையைப் பார்த்தான். “தெரியாம சிரிச்சிட்சிணா.”

சாமையை வாங்கி உள்ளே வைத்தேன். போ என்றேன். சரி என்று சொல்லவில்லை. ஆனால் சரி என்றே எடுத்துக்கொண்டு, கும்பிட்டுவிட்டுப் போனான். வேலை முந்தின நாளே முடிந்துவிட்டதை நான் சொல்லவில்லை.

மத்தியானம் முதலாளியிடம் எல்லாம் சொன்னேன். கேட்கவில்லை அவர், நானாகத்தான். கோபப்படவே இல்லை. வெற்றிலையை மென்றுகொண்டு, வெள்ளையனுக்கு ஏர் மாடு எத்தனை என்று விசாரித்தார். ஒரு ஜோடி என்றேன். எதற்குக் கேட்கிறார் என்று புரியவில்லை என எழுதினால் பொய்.

15.3.79, வியாழன்

மழை இல்லை. தூசி. ஒன்பது மணிக்கு மேலே போய்ச் சேர்ந்தோம்.

ஜோடியில் வலத்து மாட்டை மரத்தில் கட்டச் சொன்னார். வெள்ளையனையே கட்டச் சொன்னார். கட்டினான். கட்டும்போது என்னை ஒரு பார்வை பார்த்தான், பயப்படாமல். சிக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தான்.

முதலாளி சுட்டது ஏழு தோட்டா. முதல் வெடிக்கு அவன் முகம் மாறியது. சின்னத் தோட்டா, பெரிய மாடு. சீக்கிரம் சாகாது. ஐந்தாவதில்தான் முன்னங்கால் மடங்கியது. படுத்த பிறகு இன்னும் இரண்டு. காலி ஏழும் வலப்பக்கம் ஒரே இடத்தில் வரிசையாக விழுந்தன. ஒன்றுகூடச் சிக்கவில்லை.

எனக்கு முதலில் வந்தது பெருமை. பிறகுதான் மற்றது.

முதலாளி பொன்னியைக் கூப்பிட்டார். “இப்ப சிரி.”

அவள் நின்றாள். பிஸ்டலை இன்னொரு மாட்டுப் பக்கம் திருப்பினார். அதில் தோட்டா இல்லை. அவருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். சிரித்தாள். போதும் என்று அவர் சொல்லும்வரை சிரித்தாள்.

இறங்கும்போது என் தோளில் தட்டினார். “மிலிட்டரி மிலிட்டரிதான்யா.”

16.3.79, வெள்ளி

சுட்டபின் துடைப்பு. வைத்தியரிடம் போய்ப் பல்லைப் பிடுங்கிக்கொண்டேன். கஞ்சி மட்டும்.

17.3.79, சனி

புளி ஏற்ற மறுபடியும் மேலே. பதினோரு மரமும் உலுக்கியாயிற்று. மரத்தில் ஏறி உலுக்கியவன் வெள்ளையன். பொன்னி கூடை கூடையாகக் கொண்டுவந்து ஜீப்பில் கொட்டினாள். நாலாவது கூடையில் என் பக்கத்தில் நின்றாள்.

“நீதான் அத்தத் தொடச்சியாமே.”

ஆமாம் என்றேன்.

“இன்னொரு மாடு ரெண்டு நாளா தீனி எடுக்கல. அதயும் சுட்டுடச் சொல்லுணா.” குரலில் கோபமே இல்லை. “இனிமே சிக்காதில்ல?”

சிக்காது என்றேன்.