ஹன்னாவின் உச்சம்

அன்புள்ள அம்மா,

ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே சுகம். அப்பாவின் முழங்கால் நோவு எப்படி? மஹய்யாவ பக்கம் மழை விட்டதா?

சின்னதில் பக்கத்து வீட்டு லோஜினிக்குப் புதுச் சப்பாத்து வந்த அன்று, "ஒனக்கு வயித்தெரிச்சல்டி" என்றீர்களே, அது இன்னும் போகவில்லை. ஆய்வுகூடத்தில் என் பக்கத்துக் கதிரைக்காரி ஹன்னா, கடுங்குளிரில் வைத்த மீகடத்தி நுண்கம்பியின் நுனியில் ஒரு குவாண்டம் புள்ளியைச் சேர்த்து, அதன் வழியே இலத்திரன்கள் போவதை அளந்தாள். ஒரு புதுவகைத் துகளின் அடையாளமென்று எல்லோரும் வருடக்கணக்காகத் தேடும் உச்சம், சரியாகப் பூச்சிய மின்னழுத்தத்தில், அவளுடைய வரைபடத்தில் நின்றது. பேராசிரியர் கேக் வாங்கினார். மூன்று வருடமாக அளந்தும் என் வரைபடத்தில் வந்தது வெறும் இரைச்சல் கோடுகள்தான்.

மறுநாள், புள்ளியின் மின்னழுத்தத்தை மாற்றிப் பார்ப்போமா என்று நல்ல பிள்ளை மாதிரிக் கேட்டேன். நாங்கள் தேடும் உண்மையான உச்சம் அதற்கெல்லாம் அசையாது. இது இரண்டாகப் பிரிந்தது; பொய் உச்சம். ஹன்னா அழுதாள். பிறகு என்னைக் கட்டிப்பிடித்து, "நீ இல்லாவிட்டால் கட்டுரையைப் பிழையாக எழுதியிருப்பேன்" என்றாள். பேராசிரியர் என் நேர்மையைப் புகழ்ந்தார்.

அது நேர்மை இல்லை, அம்மா. பாவசங்கீர்த்தனத்துக்குப் போயும் ஃபாதரிடம் சொல்ல வாய் வரவில்லை. சின்னப் பாவங்களைச் சொல்லிவிட்டு வந்தேன். பொய்யென்றாலும் அவளுக்கு ஓர் உச்சமாவது வந்ததே என்று இன்னும் எரிகிறது.

அப்பாவிடம் சொல்ல வேண்டாம். உங்கள் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன். யாராவது இங்கே வந்தால், நீங்கள் வெங்காயம் வதக்கிச் செய்யும் சீனிச் சம்பல் இரண்டு போத்தல் கொடுத்துவிடுங்கள். ஒன்று ஹன்னாவுக்கு. அளவீடு முடியப்போகிறது, ஓடுகிறேன்.

உங்கள் செலின்

ஹன்னாவின் போத்தலுக்குக் கொச்சிக்காய்த் தூள் கொஞ்சம் கூடுதலாகவே போடுங்கள், நல்லா உறைக்கட்டும்.