கூட்டத்துக்கு நான் போகிறேன்

இஞ்சருங்கோ,

நேற்று, "இந்த இருமலோடை சங்கக் கூட்டத்துக்குப் போகாதேங்கோ" என்றேன். "வராத ஆளின்ரை வயலுக்குத் தண்ணி முறை இல்லையெண்டு சட்டம் போட்டதே நானப்பா" என்றீர்கள். அந்தச் சட்டத்துக்குப் பயந்துதான் போன கூட்டத்துக்கு ஏரம்பு அண்ணை இருமிக்கொண்டு வந்தார். தலைவரான நீங்கள் அவரை வெளியே இருத்தினீர்கள். உள்ளே தண்ணீர் முறை பிரித்தபோது அவரை எல்லாரும் மறந்துபோனார்கள். இப்போது அவருடைய பயிர் காய்கிறது.

நீங்கள் காய்ச்சலில் அயர்ந்து கிடக்கிறீர்கள். இன்றைக்கு நான் போகிறேன். முதலில் அவருக்குத்தான் முறை கேட்பேன், கோபிக்காதேங்கோ. குசினியில் மல்லித்தண்ணீர் இருக்கிறது.

பத்மாசனி

இன்னொன்று. எனக்குக் கேட்கக்கூடாதென்று வைக்கோற்போருக்குப் பின்னால் போய் இருமுகிறீர்கள். பொங்கலிலிருந்து கேட்கப் பயந்ததை இப்போது கேட்கிறேன்: நாளைக்கு என்னோடு ஆஸ்பத்திரிக்கு வாங்கோ.